முதியோர் இல்லம்: யாருக்காக, எந்த நிலையில்?

(செங்கலில் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



கூலி, ரேஷன் கார்டு, பிள்ளைகளின் படிப்பு: நம் கூட்டங்களில் வழக்கமாகப் பேசப்படுபவை இவையே. இன்று நம்மைப் பெற்றவர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இதுவும் உழைப்பாளியின் பிரச்சினைதான். விடியுமுன் வேலைக்குப் போய் இருட்டிய பின் திரும்புகிறவன், படுக்கையில் கிடக்கும் தாயை யாரிடம் விட்டுப் போவான்?

2011 கணக்கெடுப்பின்படி 60 வயதைக் கடந்தவர்கள் இந்தியாவில் நூற்றுக்கு 8.6 பேர், தமிழ்நாட்டில் 10.4, கேரளத்தில் 12.6. நாட்டிலேயே முதியோர் விகிதம் மிக அதிகமான மாநிலத்தில் நாம் குடியிருக்கிறோம்.

முதியோர் இல்லம் என்றதும் நம் மனதில் வருவது பழைய படம். திக்கற்ற கிழவி ஒருத்தி வருவாள். முற்றம் பெருக்குவாள், காய் நறுக்குவாள், பல வருஷம் இருப்பாள். இன்று குடும்பங்கள் முடிந்தமட்டும் வீட்டிலேயே வைத்துப் பார்க்கின்றன. இடுப்பெலும்பு முறிந்து, பக்கவாதம் வந்து, நினைவு தப்பி, வீட்டார் கைசோர்ந்த பிறகே இல்லத்து வாசல் தெரிகிறது.

வசதியான நாடுகளிலும் இதே கதைதான். சுவீடனில் 1992 சீர்திருத்தத்தால் முதியோர் பராமரிப்பு நகராட்சிகளின் பொறுப்பாயிற்று. பிற்பாடு இல்லங்களில் இடம் குறைந்தது. வீட்டில் சமாளிக்கவே முடியாதவர்கள் மட்டும் உள்ளே வந்தார்கள். அமெரிக்காவில் 1992 முதல் 2006 வரை முதியோர் இல்லங்களில் இறந்தவர்களைப் பற்றிய ஆய்வு 2010-ல் வெளிவந்தது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சேர்ந்த 6 மாதத்துக்குள் இறந்திருந்தார்கள்.

இதைத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. இது இறந்தவர்களை மட்டும் எண்ணிய கணக்கு; பல வருஷம் வாழ்கிறவர்களும் உண்டு. இல்லம்தான் கொன்றது என்றும் பொருளல்ல. நோய் முற்றிய பிறகே வருகிறார்கள். அப்படியானால் பழைய சத்திரம்போலச் சோறும் பாயும் கொடுத்தால் போதாது. புரட்டிப் படுக்கவைக்க ஆள் வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப்புண் வரும். விழுங்க முடியாதவருக்குப் பொறுமையாக ஊட்ட வேண்டும். வலிக்கு மருந்தும், இரவில் நர்ஸும் வேண்டும்.

நமக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கு இப்பால் வாழும் நம் கிழவர்கள் மலையாளம் பேசக் கற்றவர்கள்தான். ஆனால் நினைவு மங்கும் நோயில், பின்னால் கற்ற மொழி முதலில் நழுவிப்போவதுண்டு. “கிறுகிறுன்னு வருது, வயித்தைப் புரட்டுது” என்று ஒரு தாய் முனகினால், அதைப் புரிந்துகொள்ள அங்கே ஒருவர் இருக்க வேண்டாமா?

சட்டம் என்ன சொல்கிறது? 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்துகிறது. கைவிட்டால் 3 மாதம் வரை சிறை என்கிறது. அதே சட்டம், மாவட்டத்துக்கு ஒன்றாவது, ஏழை முதியோர் 150 பேருக்கு இடமுள்ள இல்லத்தை அரசு அமைக்க“லாம்” என்கிறது. கூலிக்காரனுக்கு ‘வேண்டும்’, அரசுக்கு ‘லாம்’! இந்த ஓரவஞ்சனையை நாம் கேட்க வேண்டாமா?

வெளிமாநிலத் தொழிலாளருக்காகக் கேரளம் 2017-ல் ‘ஆவாஸ்’ காப்பீட்டைத் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் அதற்கு வகுத்த வயது 18 முதல் 60 வரை. உடம்பு ஓய்ந்து உதவி தேவைப்படும்போது கதவு சாத்தப்படுகிறது.

கேரளத்தில் ஒரு பெரிய பலமும் இருக்கிறது. 1993-ல் கோழிக்கோட்டில் சிலர் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம் ஊர் ஊராகப் பரவியது. 2008-ல் அரசு அதைக் கொள்கையாக ஏற்றது. பஞ்சாயத்து வழியாக நர்ஸ் வீடு தேடி வரும் ஏற்பாடு அப்படி வந்ததுதான். இதை நம் குடும்பங்களில் எத்தனை பேர் கேட்டு வாங்கியிருக்கிறோம்?

ஆகவே நம் கோரிக்கைகள் இவை:

1. மாவட்ட முதியோர் இல்லம் அரசின் கட்டாயக் கடமையாக வேண்டும்.
2. ஒவ்வொரு இல்லத்திலும் இரவும் பகலும் நர்ஸ் இருக்க வேண்டும்; வலி தணிப்புக் குழு தவறாமல் வர வேண்டும்.
3. எல்லை ஊர்களில் தமிழ் அறிந்த ஊழியர் வேண்டும்.
4. தொழிலாளர் காப்பீடு 60 வயதோடு முடியக் கூடாது.

இவற்றைத் தமிழிலேயே மனுவாக எழுதுங்கள். அரசியல் சட்டத்தின் 350-ஆவது பிரிவு அந்த உரிமையைத் தருகிறது.

வீட்டார் செய்ய வேண்டியதும் உண்டு. கடைசி நாள்வரை காத்திருக்காமல் நர்ஸிடம் முன்கூட்டியே பெயர் கொடுங்கள். இல்லத்தில் சேர்க்க நேர்ந்தால் வெட்கப்பட்டு ஒளிக்க வேண்டாம். மருந்துச் சீட்டோடு போங்கள். இரவில் யார் பார்ப்பார், ஆஸ்பத்திரிக்கு யார் கொண்டுபோவார் என்று கேளுங்கள். சேர்த்த பிறகு அடிக்கடி போய்ப் பாருங்கள். ஆள் வந்து பார்க்கும் கட்டிலுக்குக் கவனிப்புக் கூடும்.

நாளைக்கு அந்தக் கட்டிலில் படுக்கப்போவது நாம்தான் தோழர்களே. இன்று நாம் கேட்டு வாங்குவதுதான் அன்று நமக்குக் கிடைக்கும்.