விரிதாளும் மாணவரும்



கொள்ளுப்பிட்டியில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளுள் ஒன்றில் அமைந்துள்ள பாடசாலையொன்றிலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிப்பவன் நான். எனது வகுப்பிலே வெள்ளவத்தையிலிருந்து 100ஆம் இலக்கப் பேருந்தில் வரும் பிள்ளைகளும் உளர். கொட்டாஞ்சேனையிலிருந்து விடியலில் எழுந்து வரும் பிள்ளைகளும் உளர். க.பொ.த. சாதாரண தரப் பாடத்திலே விரிதாள் என்றொரு பகுதி உண்டு. அதனை எவ்வாறு கற்பிக்கிறோம், எவ்வாறு கற்பிக்கலாம் என்பது பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

விரிதாள் என்பது நிரைகளும் நிரல்களும் குறுக்கிட்டு உண்டாகும் கலங்களைக் கொண்ட ஒரு கணக்கேடு. கலம் ஒன்றிலே எண்ணையும் எழுதலாம். பிற கலங்களைச் சுட்டும் சூத்திரத்தையும் எழுதலாம். நாம் வழக்கமாகச் செய்வது யாது? இருபது மாணவரின் புள்ளிகளைக் கொடுத்து, கூட்டுத்தொகை காண், சராசரி காண், தரவரிசை இடு என்கிறோம். பிள்ளைகள் செய்துவிடுகிறார்கள். பரீட்சையிலும் எழுதிவிடுகிறார்கள். ஆயினும், ஒரு தாளும் பேனாவும் கொண்டு செய்யத்தக்க வேலையையே அங்கே கணினி சற்று விரைவாகச் செய்து காட்டியது, அவ்வளவுதான். இக்கருவி பிறந்த காரணம் அதுவன்று.

1978ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் ஹாவாட் வணிகக் கல்லூரியில் பயின்ற டான் பிரிக்லின் என்ற மாணவர், கரும்பலகையில் ஆசிரியர் ஒருவர் எழுதும் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் எண்ணை மாற்றினால் அதன் பின்னுள்ள எண்கள் யாவற்றையும் அழித்து மீண்டும் எழுத வேண்டியிருந்தது. ஒன்றை மாற்றியவுடன் ஏனையவை தாமே மாறும் பலகை ஒன்று இருந்தால் எத்துணை நன்று என்று அவர் எண்ணினார். அவரும் பொப் பிராங்ஸ்டன் என்பவரும் சேர்ந்து ஆக்கிய விசிகல்க் என்னும் மென்பொருள் 1979இலே விற்பனைக்கு வந்தது. ஆகவே விரிதாளின் உயிர் கூட்டுவதில் இல்லை. ‘இதனை மாற்றினால் என்ன ஆகும்?’ என்று வினவுவதிலேயே இருக்கிறது. அவ்வாறு வினவுவதற்கென உலக விடயம் ஒன்றைச் சுருக்கி எண்களாலும் சூத்திரங்களாலும் அமைத்துக்கொள்வதைத்தான் மாதிரியுரு என்கிறோம்.

இதனை எனக்கு நன்கு உணர்த்தியது கணினி அன்று. கணினி இல்லாத ஒரு நாள். 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியிலே நாட்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டது நேயர்களுக்கு நினைவிருக்கும். அக்காலத்து ஒரு காலையில் எங்கள் கணினி அறையும் இருண்டு கிடந்தது. பிள்ளைகளை முற்றத்து மரநிழலுக்கு அழைத்துச் சென்று, ஒவ்வொருவரும் ஒவ்வொரு கலம் என்றேன். ஒருத்தி பாணின் விலை. ஒருத்தி குடும்பத்தார் தொகை. ஒருத்தி அவ்விரண்டையும் அறிந்து பெருக்குபவள். வேறொருத்தி சீனி, பருப்பு முதலியவற்றின் பெருக்கங்களையெல்லாம் கூட்டுபவள். முதலாமவள் தன் துண்டிலே விலையை மாற்றி எழுதினாள். துண்டுகள் கைமாறின. ஈற்றிலே நின்றவள், தன்னை ஒருவரும் தொடாதிருக்கவும் தன் எண் மாறியதைக் கண்டு வியந்தாள். நூறு ஆண்டுகளுக்கு முன்னர், 1922இலே, லூயிஸ் பிரை றிச்சட்சன் என்ற ஆங்கில அறிஞர் பெரிய மண்டபமொன்றில் 64,000 மனிதக் கணிப்பாளரை இருத்தி உலகின் வானிலையைக் கணிப்பதாகக் கற்பனை செய்து எழுதினார். எங்களிடம் இருந்தவர்கள் முப்பத்திரண்டு பேர். வானிலையை விட்டுவிட்டு மாதச் செலவோடு நின்றுகொண்டோம்.

மின்சாரம் மீண்டது, கட்டணமும் உயர்ந்தது. 2022 ஓகஸ்ட் மாதத்திலும் 2023 பெப்ரவரி மாதத்திலும் ஏறிய ஏற்றத்தை எந்த வீடும் மறந்திராது. அதனையே அடுத்த மாதிரியுருவாக எடுத்துக்கொண்டோம். நம் நாட்டின் வீட்டு மின்கட்டணம் படிகளாக அமைந்தது. மாதத்துக்கு 60 அலகுக்குள் நிற்போருக்கு ஒரு விலைவரிசை. 60ஐத் தாண்டியோருக்கோ முதல் அலகிலிருந்தே வேறொரு விலைவரிசை. விலைகள் காலத்துக்குக் காலம் மாறுவனவாதலின், விளக்கத்துக்காக நானே சில எண்களை இட்டுக்கொள்கிறேன். முதல் 30 அலகுக்கு அலகொன்று 8 ரூபாய், அடுத்த 30க்கு 20 ரூபாய் என்க. 60 அலகு எரித்த வீடு 840 ரூபாய் கொடுக்கும். தாண்டியவருக்கு முதல் 60 அலகும் 25 ரூபாய் வீதம், அதற்கு மேல் 30 ரூபாய் என்க. 61 அலகு எரித்த வீடு 1,530 ரூபாய் கொடுக்கும். ஒரே ஓர் அலகு. 690 ரூபாய் வேறுபாடு!

இதனை வரைபடமாக்கியபோது, சரிந்து ஏறிவந்த கோடு 60ஆம் அலகிலே சுவர்போல நிமிர்ந்து நின்றது. ஓர் அலகு என்பது ஆயிரம் உவாற்று மின்னழுத்தி ஒன்று ஒரு மணி நேரம் இயங்குவதாகும். அன்று வகுப்பிலே, தங்கள் வீட்டில் சீருடையை அழுத்துவது எந்நாளில், எத்தனை நிமிடம் என்ற பேச்சு எழுந்தது. புள்ளிப் பட்டியல் கொண்டு பத்து ஆண்டு கற்பித்தும் நான் அத்தகைய பேச்சைக் கேட்டதில்லை.

ஆனால் இங்கேதான் நான் ஒரு பிழை செய்தேன். கட்டணத்தைத் தனிக் கலத்தில் இடாமல், சூத்திரத்துக்குள்ளேயே எண்ணாக எழுதிக் காட்டிவிட்டேன். விரைவில் முடிக்க வேண்டும் என்ற எண்ணம். வேறு நியாயம் இல்லை. மாணவி ஒருத்தி அன்றிருந்த உண்மை விலைகளை அவ்வாறே அமைத்துத் தன் தாயாருக்குக் கொடுத்தாள். தையல் வேலையில் வரும் வருவாயைக் கொண்டு குடும்பம் நடத்துபவர் அவர். கட்டணம் மாறியபின்பு, தாளின் மேற்புறத்திலே எழுதியிருந்த விலையை மகள் திருத்தினாள். அடியிலே தொகை அசையவில்லை; அவ்வெண்ணைச் சூத்திரம் பார்க்கவே இல்லையன்றோ? அத்தொகையை நம்பித் தாயார் பணம் ஒதுக்கி வைத்தார். பட்டியல் வந்தபோது போதவில்லை. பெற்றோர் சந்திப்பிலே அவர் என்னிடம் கோபமாகப் பேசவில்லை. ‘சேர், கொம்பியூட்டர் பிழையாகச் சொல்லுமா?’ என்று மட்டும் கேட்டார். பிழை என்னுடையது என்று சொல்லி, எங்கே பிழைத்தது என்பதையும் அவருக்கு விளக்கினேன்.

அன்று முதல் எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. நாம் ஊகித்தோ கேட்டறிந்தோ இடும் எண் எதுவாயினும் தனிக் கலத்தில் இருத்தல் வேண்டும். அக்கலத்துக்கு மஞ்சள் நிறம் தீட்டல் வேண்டும். எங்கிருந்து பெற்றோம் என்பதை அருகே எழுதுதல் வேண்டும். இது சிறுபிள்ளைத்தனமான கட்டுப்பாடு என்று எண்ணுவோர் இங்கிலாந்தின் கதையைக் கேட்கலாம். 2020ஆம் ஆண்டு இலையுதிர் காலத்திலே, பழைய வகை விரிதாளொன்றின் 65,536 நிரைகளுக்கு மேல் இடமில்லாமையால், கொரோனா தொற்றியோர் 15,841 பேரின் விவரம் அங்கே உரிய வேளையில் கணக்கிற்கு வராது போயிற்று. அவர்களோடு பழகியோரைத் தேடிச் செல்வதும் தாமதமாயிற்று.

நோய் என்றதும் டெங்கைக் கூறாமல் கொழும்பிலே பேச முடியாது. 2017ஆம் ஆண்டில் மாத்திரம் இலங்கையில் 186,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். நோய் பரவுவதை வகுப்பிலே மாதிரியுருவாக அமைக்க முயன்றோம். நோயாளி ஒருவர், வாரந்தோறும் தொகை இரட்டிக்கும் என்று முதலில் வைத்தோம். பத்தாம் வாரத்திலே 1,024. இருபத்தைந்தாம் வாரத்திலே 3 கோடியே 35 இலட்சம். நாட்டின் குடித்தொகையே சுமார் 2 கோடியே 20 இலட்சந்தானே என்று ஒருத்தி கூற, வகுப்பு முழுவதும் சிரித்தது. சிரித்தது நன்று. விடையைப் பார்த்து ‘இது நடவாது’ என்று சொல்லத் தெரிவது கணினிப் பாடத்தின் பாதி.

அப்போது பின்வரிசையிலிருந்து, வழக்கத்தில் வாய் திறவாத கொட்டாஞ்சேனைப் பிள்ளை ஒருத்தி எழுந்து, ‘சேர், இந்தக் கணக்கிலே நுளம்பு எங்கே?’ என்று கேட்டாள்.

நுளம்பு இல்லைத்தான். மனிதரிடமிருந்து மனிதருக்கு நேரே தொற்றுவதாக நான் கணக்கை அமைத்திருந்தேன். மலேரியாவை நுளம்பு பரப்புவதை 1897இலே செக்கந்தராபாத்திலே கண்டறிந்த ரொனால்ட் றொஸ், பிற்காலத்திலே அதற்கு ஒரு கணித மாதிரியுருவும் வகுத்தார். நுளம்பை முற்றாக அழிக்க வேண்டியதில்லை, மனிதர் தொகைக்கு ஒப்ப ஓர் எல்லைக்குக் கீழே குறைத்தாலே நோய் தானே அருகும் என்பது அவர் கண்ட முடிவு. கணினி இல்லாத காலத்திலே அவர் கையால் செய்ததை, அடுத்த வாரம் பதினைந்து வயதுப் பிள்ளைகள் இரண்டு நிரல்களைச் சேர்த்துச் செய்தார்கள். மனிதர் ஒரு நிரல். நுளம்பு ஒரு நிரல். நுளம்பின் தொகையைக் குறைத்துக் குறைத்துப் பார்த்தார்கள். ஓரிடத்திலே, ஏறிக்கொண்டிருந்த கோடு தலை சாய்ந்து இறங்கத் தொடங்கிற்று. அந்த எண்ணைக் கண்டதும் எழுந்த ஆரவாரத்தில் அடுத்த அறை ஆசிரியை எட்டிப் பார்த்தார்.

எனினும், அந்த மஞ்சட் கலத்திலே நாங்கள் இட்ட எண் எங்கிருந்து வந்தது? ஊகந்தான். அருகே ‘ஊகம்’ என்றே எழுதியிருந்தோம். அக்கொட்டாஞ்சேனைப் பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை. எண்ணிப் பார்க்கலாமே என்றாள். இடைவேளையிலே ஐந்து பேர், சுகாதாரப் பரிசோதகரைப் போலத் தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, பூந்தொட்டிகள், கூரைப்பீலிகள், கட்டட வேலையில் விட்டுப்போன வாளிகள் எல்லாவற்றையும் பார்த்து வந்தனர். நீர் தேங்கிய இடங்கள் பதினான்கு. புழு நெளிந்தவை ஐந்து. அவ்வைந்தனுள் ஒன்று எங்கள் கணினி அறையின் குளிரூட்டிக்குக் கீழே நீர் சொட்டுவதற்காக நானே வைத்திருந்த கிண்ணம்.

அதனைக் கவிழ்த்துவிட்டு வந்து, ‘ஊகம்’ என்ற சொல்லை அழித்து, தேதியை எழுதினாள்.