பெயருக்குக் கட்டமில்லாத படிவம்

 

அமெரிக்காவின் லூசியானாவில், மிசிசிப்பி ஆற்றோரம், விட்னி என்ற பழைய கரும்புத் தோட்டம் 2014-இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் வழக்கமாக முதலாளியின் மாளிகையைத்தான் சுற்றிக் காட்டுவார்கள். கல்யாணத்துக்குக்கூட வாடகைக்கு விடுவதுண்டு. விட்னியில் பேசப்படுவது அடிமைகளின் வாழ்க்கை. லூசியானாவில் அடிமைப்பட்டிருந்த 1,07,000 பேரின் பெயர்கள் அங்கே கல்லில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பெயர்களை அரசாங்கக் கணக்கு தரவில்லை. 1860-இன் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நாடு முழுவதும் 39 லட்சத்துக்கும் மேற்பட்ட அடிமைகளை எண்ணியது. வயது, பால், நிறம் எல்லாம் கேட்டது. முதலாளியின் பெயருக்குக் கட்டம் இருந்தது, அடிமையின் பெயருக்கு இல்லை. ஐந்து அடிமைகளை மூன்று பேராக வைத்து நாடாளுமன்ற இடங்களைப் பங்கிட்ட சட்டத்துக்குத் தலைக்கணக்கே போதும். விற்பவனுக்கு அது போதாது. பெயர், வயது, தெரிந்த தொழில் என்று எழுதினால்தான் விலை பேச முடியும். அதனால் விற்பனைப் பத்திரங்களிலும், இறந்த முதலாளிகளின் சொத்துப் பட்டியல்களிலும் பெயர்கள் தங்கிவிட்டன. க்வென்டொலின் மிட்லோ ஹால் என்ற வரலாற்றாசிரியர் பல ஆண்டுகள் அவற்றைத் தேடித் தொகுத்தார். மனிதரைச் சரக்காக்கிய தாளே அவர்களுக்குச் சாட்சியானது. இன்று பட்டம் பெற்று, நாளை மென்பொருளும் படிவமும் தயாரிக்கப்போகிற நீங்கள், ஒவ்வொரு கட்டமும் யாருடைய தேவைக்காக என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கியவன் இட்ட பெயரைக் கல்லில் வெட்டுவது மரியாதையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அதையும் விட்டால் அந்த ஆளே இல்லாமல் போவார். மேலும், வோலோஃப், பம்பாரா, காங்கோ என்று பிறந்த இனத்தையும் பல பத்திரங்கள் குறித்து வைத்திருக்கின்றன. இன்னொரு ஆட்சேபம்: விட்னியில் உள்ள அடிமைக் குடில்கள் சில வேறு தோட்டத்திலிருந்து வந்தவை, தேவாலயம் வேறு ஊரிலிருந்து வந்தது, குழந்தைச் சிலைகள் இக்காலத்தவை, இது வரலாறா, நாடக மேடையா? மாளிகையைப் பழுதுபார்த்துக் காக்கப் பணம் இருந்தது. மரக்குடிலைக் காக்க யார் இருந்தார்கள்? எஞ்சியதை மட்டும்தான் காட்டலாம் என்றால், முதலாளியின் கதைதான் மிஞ்சும். எது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட்டுக் காட்டுவதில் பிழையில்லை என்பது என் கருத்து.

விட்னியில் ஒரு முற்றமும் இருக்கிறது. மூன்று வயது நிரம்புமுன் இறந்துபோன சுமார் 2,200 அடிமைக் குழந்தைகளுக்கானது. இவர்களைப் பற்றிய விவரம் எந்த விற்பனைப் பத்திரத்திலிருந்தும் வந்ததல்ல. கத்தோலிக்கத் திருச்சபையின் பதிவேட்டில் கிடைத்தது.