வியாபாரியும் மனக்கவலையும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



முதலையும் சரக்கையும் பற்றி இம்மேடையில் பன்முறை பேசியிருக்கின்றோம். அவ்விரண்டையும் சுமக்கும் மனத்தைப் பற்றி இன்று சில வார்த்தைகள் கூற விழைகின்றோம்.

1922-ஆம் ஆண்டில் சிவகாசி ஐய நாடாரும், அவர்தம் உறவினர் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைக் கற்கும்பொருட்டுக் கல்கத்தா சென்றனர்; திரும்பிவந்து 1923-இல் தம் ஊரில் அத்தொழிலைத் தொடங்கினர். வானம் பார்த்த அவ்வட்டாரத்தில் பல்லாயிரம் குடும்பங்களுக்கு அது பிழைப்பளித்தது. பழகாத ஊரையும் அறியாத தொழிலையும் நாடிச் செல்வதற்கு, கைம்முதல் மட்டும் போதாது. தொழிலின்மேல் தீராத பற்றும் வேண்டும்.

எனினும் பற்று இருவகைப்படும் என்று ராபர்ட் வாலராண்ட் என்னும் கனடா நாட்டு மனநூலறிஞரும் அவர்தம் குழுவினரும் 2003-இல் எடுத்துரைத்தனர். தொழிலை நாம் ஆள்வது ஒன்று. தொழில் நம்மை ஆள்வது மற்றொன்று. முன்னது உணவுக்கும் உறக்கத்துக்கும் குடும்பத்துக்கும் இடங்கொடுக்கும். பின்னதோ, கடையடைத்த பின்னும் கணக்கைத் தலையில் ஏற்றிவைக்கும். கடை நொடித்தால் தன் வாழ்வே நொடித்ததாக எண்ணச் செய்யும்.

நஷ்டத்தின் இயல்பையும் நாம் அறிதல் வேண்டும். லாபத்தால் வரும் மகிழ்ச்சியினும், அதே அளவு நஷ்டத்தால் வரும் துன்பம் பெரிது என்று கானமன், ட்வெர்ஸ்கி என்னும் அறிஞர் இருவர் 1979-இல் விளக்கினர். அதனாலன்றோ, நூறு ரூபாயை இழந்தவன் அதை மீட்பதற்கு ஆயிரம் ரூபாயைக் கடன்வாங்கிப் போடுகின்றான்!

நம்மவரிடத்தில் இத்துன்பத்தை இரட்டிப்பாக்குவது மறைக்கும் வழக்கமாகும். வெளியே சலவை வேட்டியும் சிரித்த முகமும். உள்ளே வட்டிக்கு வட்டி. கடன் கொடுத்தவர் வாயிற்படி ஏறும் அன்றுதான் மனைவி மக்கள் உண்மையை அறிகின்றனர். அதற்குள் உறக்கம் கெடுகின்றது, உடல் நலிகின்றது, சிலர் உயிரையும் மாய்த்துக்கொள்கின்றனர். இது மானத்தைக் காப்பதாகுமா?

ஆதலின் இரண்டு காரியங்களை வேண்டுகின்றோம். தாய்மார்கள் கடைக்கணக்கைப் பார்க்கப் பழகவேண்டும். கணக்கறிந்த இல்லத்தில் கடன் நெடுநாள் ஒளிந்திராது. சங்கமும் அனுபவமிக்க வியாபாரிகள் மூவரை நியமித்து, இடருற்ற அங்கத்தினரின் கணக்கை இரகசியமாகப் பார்த்து வழிகூறச் செய்யவேண்டும். மனம் மிகவும் நொந்தோரை வைத்தியரிடம் அழைத்துச் செல்வதும் அவர்தம் கடமையாகட்டும்.

கல்விக்கும் கல்யாணத்துக்கும் துணைநிற்கும் நாம், நஷ்டப்பட்டவன் வீட்டுக்கும் சென்று அவன் திண்ணையில் அமர்வோமாக. இதனைச் சபையோர் ஆலோசித்துத் தீர்மானமாக நிறைவேற்றுமாறு வேண்டி அமர்கின்றோம்.