கேள்வியும் ஜெபந்தான்!



கிறிஸ்துமஸ் சிறப்புப் பட்டிமன்றத்துக்கு நல்ல தலைப்புக் கொடுத்தீர்கள், ஐயா. ‘இறைவனிடம் நம்மை நெருங்க வைப்பது கேள்வி கேட்பதா, கேளாமல் கீழ்ப்படிவதா?’ நான் கேள்வி அணி. வீட்டில் கேட்க முடியாதவன் மேடையிலாவது கேட்டுக்கொள்ளட்டும் என்று சேர்த்துவிட்டார்கள்! (சிரிப்பு)

எதிரணித் தலைவர் ஆபிரகாமைச் சாட்சிக்கு அழைத்தார். புறப்படு என்றதும், எங்கே என்று கேட்காமல் கிளம்பினாரே, அதுதான் விசுவாசம் என்றார். ஒத்துக்கிறேன். ஆனால் ஐயா, அதே ஆதியாகமத்தில் பதினெட்டாம் அதிகாரத்தை ஏன் தாண்டிப் போனீர்கள்? சோதோம் பட்டணம் அழியப் போகிறது என்று தெரிந்ததும் அதே ஆபிரகாம் கடவுளை மறித்து நின்றார். 50 நல்லவர்கள் இருந்தால் விட்டுவிடுவீரா என்று ஆரம்பித்தார். 45, 40, 30, 20 என்று இறங்கி 10-இல் வந்து நின்றார். நம்ம வீட்டுப் பெண்கள் கத்தரிக்காய்க்குக்கூட இவ்வளவு பேரம் பேசமாட்டாங்க! (சிரிப்பு) கடவுள் கோபித்தாரா? ஆறு தடவையும் பதில் சொன்னார்.

யாக்கோபைப் பாருங்கள். யாப்போக்கு ஆற்றங்கரையில் விடிய விடியப் போராடினான். தொடைச்சந்து சுளுக்கியும் பிடியை விடவில்லை. நொண்டிக்கொண்டு போனான், ஆனால் ஆசீர்வாதத்தோடு போனான். அவனுக்குக் கிடைத்த புதுப்பெயர் இஸ்ரவேல். போராடியவனின் பெயர்தான் ஒரு ஜனத்துக்கே பெயராயிற்று.

வழிநடத்துதல் பற்றியும் பேசினார்கள். என்னிடம் படித்த ஒரு பையன், எந்த வேலைக்குப் போவது என்று தெரியாமல், கண்ணை மூடிக்கொண்டு வேதத்தைத் திறந்து விரல் வைத்தான். வந்தது நாளாகமம். இன்னார் இன்னாரைப் பெற்றான், அவன் இன்னாரைப் பெற்றான்! (சிரிப்பு) “சார், இதுக்கு என்ன அர்த்தம்?” என்றான். “தம்பி, சீட்டுக் குலுக்கிப் பார்க்காதே. உனக்கு எது வரும், உன் வீட்டுக்கு எது தேவை, எது நியாயம்னு உட்கார்ந்து கடவுள்கிட்டப் பேசு” என்றேன். பேசினால்தானே ஐயா வழி தெரியும்?

கேள்வி கேட்டால் நம்பிக்கை போய்விடும் என்கிறார்கள். அன்னை தெரசா 1997-இல் மறைந்தார். 2007-இல் அவருடைய கடிதங்கள் புத்தகமாக வந்தன. பல்லாண்டுக் காலம் தன் உள்ளத்தில் கடவுளின் பிரசன்னத்தையே உணரமுடியாமல் தவித்ததை அவர் எழுதியிருந்தார். உலகம் அதிர்ந்தது. ஆனால் அந்தத் தவிப்போடுதான் அவர் தெருவில் கிடந்தவர்களைத் தூக்கினார். 2016-இல் திருச்சபை அவரைப் புனிதர் என்றது.

இனி என் வீட்டுக் கதை. எனக்குப் பத்து வயதில் என் தங்கச்சி மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். துக்கத்துக்கு வந்தவர்கள், “கர்த்தருடைய சித்தம், ஏன்னு கேக்கக்கூடாது” என்றார்கள். ஒருவர், “வீட்டுல ஜெபம் குறைஞ்சிருக்கும்” என்றும் சொன்னார். கோயிலில் முன்வரிசையில் நின்று கீர்த்தனை பாடுகிற என் அம்மா, கடைசி வரிசைக்குப் போனாள். பாடவில்லை. வாயையே திறக்கவில்லை.

ஒருநாள் சாயங்காலம் உபதேசியார் வந்து திண்ணையில் உட்கார்ந்தார். பிரசங்கம் செய்யவில்லை. 88-ஆம் சங்கீதத்தை மட்டும் வாசித்தார். வீட்டுக்குப் போய் எடுத்துப் பாருங்கள். வேறு பல சங்கீதங்கள் அழுகையில் தொடங்கினாலும் துதியில் முடியும். இது இருளிலேயே முடியும். புத்தகத்தை மூடிவிட்டு, “இதுவும் ஆராதனையில பாடுனதுதான், தாயி. நீ கேக்குறதையெல்லாம் அவருகிட்டயே கேளு” என்றார்.

அம்மா மறு ஞாயிறே பாடிவிடவில்லை. ஆனால் அன்றிரவு, தங்கச்சி போனபிறகு முதல்தடவையாக, முழங்காலில் நின்றாள். ஏன், ஏன் என்று ஒரு மணி நேரம் கேட்டாள். பாயில் படுத்தபடி நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பதில் கிடைத்ததா? தெரியாது. அந்தக் கிறிஸ்துமசுக்குப் பாடினாள். அது எனக்குத் தெரியும். (கைதட்டல்)

ஐயா, உறவை முறித்துக்கொண்டு போனவன் வாசலில் நின்று சண்டை போடமாட்டான். சண்டை போடுகிறவன் இன்னும் அந்த வீட்டுப் பிள்ளை. சிலுவையில் தொங்கியவரே, தம்மை ஏன் கைவிட்டீர் என்று பிதாவைக் கேட்டாரே! அந்த மகன் கேட்டது ஜெபம் என்றால், என் அம்மா கேட்டதும் ஜெபந்தான். கீழ்ப்படிதல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேட்டு அழுது எழுந்தவள் கீழ்ப்படிந்தால், அதில் உயிர் இருக்கும் என்கிறேன்.

ஆகவே நடுவர் அவர்களே, இறைவனிடம் நம்மை நெருங்க வைப்பது கேள்வியே என்று தீர்ப்பு வழங்க வேண்டுகிறேன். வேறு தீர்ப்புச் சொன்னால், ஏன் என்று கேட்பேன்! (சிரிப்பு, கைதட்டல்)