பழைய பாட்டும் புதிய செவியும்

பழம்பாட்டை எடுத்துக்கொண்டு புதுமை செய்ய இயலுமா? ஜாஸ் இசைக் கலைஞர் மூவர் இவ்வினாவுக்கு விடை தந்தனர்.

பியானோ கலைஞர் கீத் ஜாரெட்டும் டிரம்ஸ் கலைஞர் ஜாக் டிஜானெட்டும் 1966 முதல் சார்லஸ் லாயிட் குழுவிலும், பின்னர் மைல்ஸ் டேவிஸ் குழுவிலும் உடன் வாசித்தவர்கள். பாஸ் கலைஞர் கேரி பீகாக் இருவரினும் மூத்தவர். 1977இல் பீகாக்கின் இசைத்தட்டுக்காக மூவரும் ஒன்றாக வாசித்தனர். 1983 சனவரியில், ஜாரெட்டின் அழைப்பை ஏற்று, நியூயார்க்கின் ஒலிப்பதிவுக் கூடமொன்றில் மீண்டும் கூடினர்.

மூவரும் சொந்தமாகப் பாடல் புனைய வல்லவர். ஆயினும் அவர்கள் பெரிதும் தேர்ந்தவை, அமெரிக்க மேடையிலும் திரையிலும் வழங்கிய பழம்பாடல்களே. மெட்டு மூவரும் அறிந்தது. எனவே அதைக் கற்பதில் காலம் கழியவில்லை. ஒருவர் வாசிக்க மற்றிருவர் செவிகொடுத்ததில் புதுமை பிறந்தது. அவ்வொரு கூடுகையே மூன்று இசைத்தட்டுகளைத் தந்தது.

முப்பதாண்டுக்கு மேல், 2014 வரை, அக்குழு நீடித்தது. 2018இல் பக்கவாதம் ஜாரெட்டைத் தாக்கி இடக்கையை முடக்கியது. 2020இல் பீகாக்கும் 2025இல் டிஜானெட்டும் மறைந்தனர். அம்மூவர் இனிக் கூடார்.

யாப்பு பழையதென்று அஞ்சும் கவிஞர்க்கு அவர்கள் விட்டுச்சென்ற பாடம் ஒன்றுண்டு: பாட்டு பழையதாகலாம், செவி பழையதாகலாகாது. பத்தாண்டு கூடிய கவிஞர்க்கு ஒருவர் கவிதையை மற்றவர் கேட்பதே முதற்பணி.