பட்டு நூலும் வெள்ளையணுவும்

 

ஒருவருடைய சிறுநீரகத்தை இன்னொருவர் உடல் ஏன் ஏற்க மறுக்கிறது? இந்தக் கேள்வியோடுதான் என் வாழ்நாள் கழிந்தது. பட்டு நெசவு ஊரான ஆரணியிலிருந்து இந்தப் பட்டமளிப்பு விழாவுக்கு அழைப்பு வந்ததும் பிரான்சின் லியோன் நகரம் நினைவுக்கு வந்தது. அதுவும் பட்டுக்குப் பேர்போன ஊர்.

1894-இல் அங்கே பிரான்ஸ் குடியரசுத் தலைவர் சாடி கார்னோவைக் கத்தியால் குத்திவிட்டார்கள். கல்லீரலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் அறுந்துபோனது. அதைத் தைக்கும் வழி அன்றைய மருத்துவர்களுக்குத் தெரியவில்லை, அவர் இறந்தார். அதே ஊரில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த அலெக்சிஸ் கேரலுக்கு மனம் ஆறவில்லை. அவர் பாடம் கேட்கப் போனது லெருடியே என்ற எம்பிராய்டரிக் கலைஞரிடம். மெல்லிய ஊசி, மெல்லிய பட்டு இழை, இழை வழுக்கிச் செல்ல வாஸ்லின். 1902-இல் ரத்தக்குழாயைத் தைக்கும் தம் முறையை வெளியிட்டார். 1912-இல் நோபல் பரிசு வந்தது. பிற்காலத்தில் அவர் பேசிய இனமேம்பாட்டுக் கருத்துகள் எனக்கு அறவே உடன்பாடில்லை. ஆனால் அந்தத் தையல் இல்லாமல் இன்று உறுப்பு மாற்றே இல்லை. பக்கத்து வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் 1971-இல் சிறுநீரகம் மாற்றினார்களே, அதற்கும் அதுதான் அடித்தளம்.

தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் பெற்றோர் காதில் விழட்டும் என்றுதான் இதை விரிவாகச் சொல்கிறேன். ‘இந்தத் தொழில் எங்களோடு போகட்டும்’ என்று சொல்லிப் பிள்ளையைப் படிக்க அனுப்புகிறீர்கள். கூலியை நினைத்தால் அந்த மனம் எனக்குப் புரிகிறது. ஆனால் அறுந்த இழையைக் கண்டுபிடிக்கும் கண்ணும், அதை முடிபோடும் விரலும், நாள் முழுக்க அசையாத பொறுமையும் எந்த ஆய்வகத்திலும் எளிதில் கிடைப்பதில்லை. உங்கள் வீட்டில் அவை இருக்கின்றன.

கேரலின் கதை அங்கே முடியவில்லை. ஒரு விலங்கின் சிறுநீரகத்தை எடுத்து அதற்கே திரும்பப் பொருத்தினால் வேலை செய்தது. வேறொரு விலங்குக்குப் பொருத்தினால் சில நாளில் கெட்டது. தையல் பிரியவில்லை, உடல்தான் ஏற்கவில்லை.

அதன் காரணத்தில் ஒரு பகுதி நான் ஆய்வு மாணவனாக இருந்தபோது தெளிவானது. ரத்தத்தில் ஓடும் வெள்ளையணு, குழாய்ச் சுவரைப் பற்றிக்கொண்டால்தான் திசுவுக்குள் நுழைய முடியும். அப்படிப் பற்ற உதவுபவை ஒட்டு மூலக்கூறுகள். வெள்ளையணுவின் மேல் எல்எஃப்ஏ-1. குழாய்ச் சுவரில் ஐகேம்-1. இந்த ஐகேம்-1-ஐ டிமதி ஸ்பிரிங்கரின் குழு 1986-இல் அடையாளம் காட்டியது. அந்தக் கட்டுரை வெளியான இதழ் எங்கள் நூலகத்துக்கு வந்து சேர மாதங்கள் ஆயின. வந்ததும் கட்டுரையைக் கையால் எழுதி எடுத்துக்கொண்டேன். புதிதாகப் பொருத்திய உறுப்பில் ரத்தம் மறுபடி பாயும்போது ஐகேம்-1 பெருகுகிறது. அதைப் பற்றிக்கொண்டு வெள்ளையணுக்கள் உள்ளே புகுந்து உறுப்பைத் தாக்குகின்றன.

பற்றுவதைத் தடுத்துவிட்டால்? 1992-இல் ஜப்பானியரான மிட்சுவாக்கி இசோபேயும் கூட்டாளிகளும் இதயம் மாற்றிய எலிகளுக்கு இரண்டு மூலக்கூறுகளையும் மறிக்கும் மருந்தைச் சில நாள் கொடுத்தார்கள். மருந்தை நிறுத்திய பிறகும் இதயம் நிலைத்தது. எங்கள் துறையே துள்ளியது. மனிதரிடம் அது பலிக்கவில்லை. ஐகேம்-1-ஐ மட்டும் மறித்துச் சிறுநீரக நோயாளிகளிடம் ஐரோப்பாவில் நடத்திய சோதனை பயன் தரவில்லை. எல்எஃப்ஏ-1-ஐ மறித்த எஃபலிசுமாப் என்ற தோல்நோய் மருந்து சிலருக்கு மூளைத் தொற்றைக் கொண்டுவந்ததால் 2009-இல் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. கிருமியைத் தேடிப் போகும் வெள்ளையணுவுக்கும் அதே பிடிதான் வேண்டும். அதை முழுக்க அடைத்தால் காவலும் போய்விடுகிறது.

தமிழ்நாட்டில் 2024-இல் மட்டும் மூளைச்சாவு அடைந்த 268 பேரின் உறுப்புகளை அவர்கள் குடும்பத்தார் கொடையாகத் தந்தார்கள். துயரத்தின் நடுவே எடுத்த பெரிய முடிவு அது. அப்படி உறுப்பு பெற்றவர்கள் இன்றும் வாழ்நாள் முழுக்க எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரை விழுங்க வேண்டியிருக்கிறது. மாத்திரையை நிறுத்தினால் உறுப்பு போகும். தொடர்ந்தால் தொற்று பயம். இது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

விலங்கியல், வேதியியல், உயிர்வேதியியல் படித்து முடித்த பிள்ளைகளே, பட்டத்தோடு நின்றுவிடாதீர்கள். முதுகலை படியுங்கள், சிஎஸ்ஐஆர்-நெட் தேர்வு எழுதுங்கள், உதவித்தொகையோடு ஆய்வுக்கு வாருங்கள். உறுப்பைத் தாக்கும் வெள்ளையணுவை மட்டும் நிறுத்தி, காவல் நிற்பதை விட்டுவைக்கும் மருந்து இன்னும் கிடைக்கவில்லை. அதை நீங்கள் தேடுங்கள்.