சோலை ஷோலா ஆன கதை

மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனைத் தாண்டி வட்டவடைக்குப் போகும் சாலை, பாம்பாடும் சோலை தேசியப் பூங்காவுக்குள் புகுந்து செல்கிறது. கேரளத்திலேயே மிகச் சிறிய தேசியப் பூங்கா. பரப்பு ஒன்றரைச் சதுர கிலோமீட்டர்கூட இல்லை. பெயரில் உள்ள அந்தச் சொல் தமிழில் சோலை, மலையாளத்தில் ‘ச’வை அழுத்திச் சோல, ஆங்கிலத்தில் ஷோலா.

அந்த ஷோலா வனத்துறைக்காரர்களுக்கும் தாவரவியலாளர்களுக்கும் அன்றாடச் சொல். ஆங்கிலம் பேசும் மற்றவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளியான ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதி, அதன் வேர் தமிழ் என்று அன்றே பதிவு செய்தது. வெள்ளைக்காரத் துரைமார் தலையில் கவிழ்த்திருந்த சோலா தொப்பிக்கும் இதற்கும் உறவில்லை. அது சதுப்பில் வளரும் ஒரு செடியின் நெட்டியில் செய்தது.

தமிழில் நிழல் தரும் மரக்கூட்டம் எல்லாமே சோலைதான். மதுரை பக்கத்துப் பழமுதிர்சோலையும் சோலை, தோப்புக்காரர் வளர்த்த மாஞ்சோலையும் சோலை. ஆங்கிலமோ பொருளைக் குறுக்கிவிட்டது. நீலகிரி, ஆனைமலை, பழனி மலைகளின் உச்சிப் புல்வெளிகளுக்கு நடுவே, நீரோடும் மடிப்புகளில் மட்டும் அடர்ந்து நிற்கும் குட்டை மரக் காடுதான் அவர்களுக்கு ஷோலா. இடுக்கி மாவட்டத்தில் ஆனமுடி சோலை, மதிகெட்டான் சோலை, பாம்பாடும் சோலை என மூன்று தேசியப் பூங்காக்கள் 2003இல் அறிவிக்கப்பட்டன. இப்போது தமிழ்ப் பத்திரிகைகளிலேயே ‘ஷோலா காடுகள்’ என்று அச்சாவதுதான் வேடிக்கை. நம் வீட்டுப் பிள்ளையை நாமே அடையாளம் தெரியாமல் விருந்தாளி என்று உட்கார வைக்கிறோம்.

சொல் அத்தோடு நிற்கவில்லை, லத்தீனுக்கும் போய்விட்டது. இந்தக் காடுகளின் தரையோரம் திரியும் ஒரு நீலக் குருவியை முன்பு ராபின் என்றார்கள். மரபணுவைப் பார்த்தால் அது ஈப்பிடிப்பான்களுக்கு நெருங்கிய சொந்தம். அதனால் 2017இல் ஆய்வாளர்கள் அதற்குச் ‘சோலிகோலா’ என்று புதுப் பேரினப் பெயர் சூட்டினார்கள். சோலையில் குடியிருப்பது என்று பொருள். அந்த ஆய்வை முன்னின்று நடத்தியவரின் பெயரும் ராபின்தான்!

இந்தக் குருவியின் கதையில் பாலக்காட்டுக்கும் பங்குண்டு. மலைத்தொடரை இரண்டாக அறுக்கும் பாலக்காட்டுக் கணவாய், உயரமும் குளிரும் தேடும் இந்தக் குருவியால் கடக்க முடியாத வெப்பப் பள்ளம். அதன் வடக்கே ஒரு இனம், தெற்கே ஆனைமலையிலும் மூணாறிலும் வயிறு வெளுத்த இன்னொரு இனம். ஆங்கிலப் பறவைப் பட்டியல்களில் இரண்டுக்கும் இப்போது ‘சோலக்கிளி’ என்றே பெயர்.